மூங்கைப் பிள்ளைக்குப் பலகை இட்ட ஊர்

மதுரையில் பிறந்தவர்கள் தங்கள் ஊரின் பெருமையைச் சொல்லத் தொடங்கினால் மீனாட்சியம்மன் கோயிலையும் தமிழ்ச் சங்கத்தையும் சொல்லாமல் முடிப்பதில்லை. ஆனால் அந்தச் சங்கத்தைப் பற்றி இறையனார் களவியலுரை சொல்லும் வரலாற்றில், புலவர் நாற்பத்தொன்பதின்மரும் தங்களுக்குள் எழுந்த வழக்கைத் தீர்த்துக்கொள்ள ஐந்து வயதுப் பாலகன் ஒருவனை, அதுவும் வாய் பேசாத பாலகனை, நாடிப் போனார்கள் என்ற பகுதியை நாம் ஏனோ அதிகமாக நினைப்பதில்லை. பன்னிரண்டாண்டுப் பஞ்சம் நீங்கிய பின் பாண்டியனுக்குக் கிடைத்த அறுபது சூத்திரங்களுக்கு ஆளுக்கோர் உரை கண்டு, எது மெய்யுரை என்று தெளிய மாட்டாமல் தவித்த அந்தச் சான்றோர்கள், உப்பூரிகுடி கிழார் மகன் உருத்திரசன்மன் என்னும் மூங்கைப் பிள்ளைக்கு வெள்ளாடை உடுத்தி, வெண்பூச் சூட்டி, உயர்ந்த பலகையில் ஏற்றி அமர்த்தி, ஒருவர் பின் ஒருவராகத் தங்கள் உரையைச் சொன்னார்கள். மருதன் இளநாகனார் உரைத்தபோது சில இடங்களில் பிள்ளையின் கண்ணில் நீர் வந்தது, உடல் சிலிர்த்தது. நக்கீரர் உரைத்தபோது சொல்தோறும் அவ்வாறே நிகழ்ந்தது. சபை அதைத் தீர்ப்பாக ஏற்றுக்கொண்டது.

இதற்கு நேர்மாறான இன்னொரு கதை நமக்கு நன்றாகத் தெரியும். ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபரர் ஐந்து வயது வரை பேசாதிருந்து, திருச்செந்தூர் முருகன் சந்நிதியில் வாய் திறந்து கந்தர் கலிவெண்பா பாடினார் என்பதும், பிற்காலத்தில் திருமலை நாயக்கர் முன்னிலையில் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழை அரங்கேற்றினார் என்பதும், பிள்ளை பேசவில்லையே என்று ஏங்கும் தென்பாண்டி நாட்டுத் தாய்மார் ஒவ்வொருவருக்கும் யாரோ ஒரு பாட்டி சொல்லிக் கொடுத்த கதை. அதில் குற்றம் ஒன்றுமில்லை. அது நம்பிக்கை தரும் கதை. எனினும் ஒரு வித்தியாசத்தை நாம் கவனிக்க வேண்டும். குமரகுருபரர் கதையில் பிள்ளை பேசுகிறான், பிறகு உலகம் கொண்டாடுகிறது. உருத்திரசன்மன் கதையில் பிள்ளை கடைசிவரை பேசவே இல்லை, சபைதான் கேட்கக் கற்றுக்கொள்கிறது. முதல் கதையை மட்டும் நெஞ்சில் வைத்துக்கொண்டு இரண்டாவதை நாம் மறந்துவிட்டோம் என்பதே என் வருத்தம். அந்த வருத்தம் ஏட்டிலிருந்து வந்ததன்று. என் சொந்தத் தங்கை வீட்டில் நடந்த ஒரு காரியத்திலிருந்து வந்தது.

நகராட்சியாக இருந்து 2011-இல் மதுரை மாநகராட்சியோடு சேர்ந்த ஆனையூரில் நானும் என் தங்கையும் அடுத்தடுத்த வீடுகளில் குடியிருக்கிறோம். அவளுடைய ஒரே மகனுக்கு இப்போது இருபத்தேழு வயது. சிறு பிராயத்தில் அவன் பேசாமலும், அழைத்தால் திரும்பாமலும் இருந்தபோது, நாக்கில் வசம்பு உரசித் தடவச் சொன்னவர்களும், “அவங்க அப்பாவும் நாலு வயசுலதான் பேசுனாரு” என்று தேற்றியவர்களும், திருச்செந்தூர் நாழிக்கிணற்றில் குளிப்பாட்டி அழைத்து வரச் சொன்னவர்களும் உண்டு. அவள் எல்லாவற்றையும் செய்தாள். ஐந்தாம் வயதில்தான் ஒரு மருத்துவர் ஆட்டிசம் என்று பெயர் சொன்னார். இன்று அவன் சில சொற்கள் பேசுவான். கேட்ட கேள்விக்கு விடை ஒரு நிமிஷமோ இரண்டு நிமிஷமோ கழித்து வரும். அதற்குள் நாம் அடுத்த கேள்விக்குப் போயிருந்தால் முதல் விடை வராமலே போய்விடும். ஆனால் எழுதுவான். ஒரு பைண்டிங் கடையில் நோட்டுகளின் தாள் எண்ணி அடுக்கும் வேலை பார்க்கிறான்; அங்கே கழிவாகும் தாள்களைத் தைத்துக் கொடுப்பார்கள், அவற்றில் எழுதுவான்.

அவன் எழுதுவது என்னவென்று நாலு வருஷமாக நாங்கள் யாரும் பார்க்கவில்லை. ஒரு நாள் அவனே ஆறு நோட்டுகளைக் கொண்டுவந்து என் முன் வைத்தான். “கொஞ்ச நேரம் இரு” என்று யாராவது அவனிடம் சொன்னால், சொன்னவர் யார், சொன்ன சொல் எது, உண்மையில் எத்தனை நிமிஷம் ஆயிற்று என்பதை அவன் குறித்து வைத்திருந்தான். ரேஷன் கடையில் “கொஞ்சம் இருங்க”: முப்பத்தைந்து நிமிஷம். பல் மருத்துவரிடம் “இதோ கூப்பிடுறோம்”: ஒரு மணி இருபது நிமிஷம். அம்மா “இந்தா வந்துட்டேன்”: பதினொரு நிமிஷம். பக்கம் பக்கமாக இப்படி. ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரு சிறு குறி. அந்த நேரத்தில் அவன் தன் கையைக் கடித்துக்கொண்டானா இல்லையா என்பதற்கு அது அடையாளம். கூட்டிப் பார்த்து அவன் கண்ட முடிவு ஒரே வரி: எண் சொன்ன நாள்களில், அந்த எண் நிஜமாகவும் இருந்துவிட்டால், எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் கடித்துக்கொண்டதில்லை. அதன் கீழே, “எனக்குக் கோபம் இல்லை, முடிவு தெரியவில்லை” என்று எழுதியிருந்தான். இருபது வருஷமாக அந்தக் கையில் மருந்து தடவிக்கொண்டிருந்த என் தங்கை அந்த வரியை வாசித்துவிட்டு வெகுநேரம் எதுவும் பேசவில்லை.

இதை நாலு பேர் அறியச் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் எங்களுக்கு வந்ததைவிட அவனுக்கு முந்தி வந்தது. ஆட்டிசம் பற்றிய மகாநாடு ஒன்று நடக்கப் போவதாகவும், பேச விரும்புவோர் விண்ணப்பிக்கலாம் என்றும் அறிந்து, “நான் பேசணும் மாமா” என்றான். மகாநாட்டின் பெயரையும் ஊரையும் நான் இங்கே சொல்லப் போவதில்லை. அதை நடத்தியவர்கள் நல்ல எண்ணம் உடையவர்கள்தாம் என்று இன்றும் நம்புகிறேன். விண்ணப்பப் படிவம் முழுவதும் இங்கிலீஷில் இருந்தது. பட்டம், பதவி, ஸ்தாபனம் ஆகியவற்றைக் கேட்டது. ஆய்வின் நோக்கம், முறை, முடிவு ஆகியவற்றை முந்நூறு சொற்களில் சுருக்கித் தரச் சொன்னது. பதினைந்து நிமிஷம் மேடையில் நின்று பேசி, ஐந்து நிமிஷம் சபையோரின் கேள்விகளுக்கு உடனுக்குடன் விடை சொல்ல வேண்டும் என்றது. இவற்றையெல்லாம்கூட எப்படியோ நிரப்பிவிட்டோம். பதவி என்ற இடத்தில் ‘பைண்டிங்’ என்று அவனே எழுதினான். விண்ணப்பதாரர் எந்த வகையைச் சேர்ந்தவர் என்று கேட்கும் இடத்தில்தான் தடைப்பட்டு நின்றோம். மருத்துவர், சிகிச்சை நிபுணர், சிறப்பாசிரியர், பெற்றோர், தொண்டு நிறுவனம் என்று ஐந்து கட்டங்கள் இருந்தன. “நான் எது மாமா?” என்றான். யாரைப் பற்றி அந்த மகாநாடோ அவருக்கு அதில் ஒரு கட்டம் இல்லை.

பதில் மரியாதையாகவே வந்தது. தாயார் விரும்பினால் பெற்றோர் அமர்வில் தம் அனுபவத்தைப் பகிர்ந்துகொள்ளலாம், மகன் தொடக்க விழாவில் கடவுள் வாழ்த்துப் பாடினால் அனைவரும் மகிழ்வார்கள் என்று எழுதியிருந்தார்கள். அவன் பாடுவதில்லை, பாடுவான் என்று நாங்கள் எழுதவும் இல்லை. அந்தக் கடிதத்தை நோட்டில் அவன் இவ்வாறு குறித்தான்: “விரைவில் தெரிவிக்கிறோம்”: நாற்பத்தேழு நாள்.

இப்படிப்பட்ட கூட்டங்களுக்கு நான் போயிருக்கிறேன். சிறப்புப் பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக நின்று தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடுவார்கள், சபை உருகிக் கைதட்டும், புகைப்படம் எடுப்பார்கள், பிறகு பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய் வேறோர் அறையில் உட்கார வைத்துவிட்டு, அவர்களைப் பற்றிய உரைகளைத் தொடங்குவார்கள். இந்த ஏற்பாட்டில் யாருக்கும் தீய எண்ணம் இல்லை. ஆனால் ஒரு ஜனசமூகத்தைப் பற்றிப் பேசும் சபையில் அந்தச் சமூகத்தாருக்குக் கிடைக்கும் ஒரே வேலை, சபை தொடங்குமுன் பாடிவிட்டுப் போவது மட்டுமே என்றால், அந்தச் சபையின் அறிவு எங்கிருந்து வந்தது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

ஒரு பெயர் விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டிசத்துக்குத் தமிழில் வழங்கும் அரசாங்கப் பெயர்களில் ஒன்று ‘புற உலகச் சிந்தனையற்ற மதி இறுக்கம்’ என்பது. புற உலகத்தைப் பற்றிய சிந்தனை இல்லாதவன் ரேஷன் கடைக்காரர் சொன்ன சொல்லையும் அவர் எடுத்துக்கொண்ட நிமிஷத்தையும் நாலு வருஷம் எழுதி வைப்பானா? குழாய் விளக்கின் இரைச்சலும், ஆடி மாதத்து ஒலிபெருக்கியும், சட்டைக் காலரில் உள்ள துணிச்சீட்டும் நம்மைவிடப் பல மடங்காக உறைக்கும் உடம்பு அவனுடையது. புற உலகம் இல்லாததன்று, புற உலகம் மிகுந்துபோனதே அவனுடைய கஷ்டம். பெயர் வைத்தவர்கள் வெளியிலிருந்து பார்த்து வைத்தார்கள். உள்ளிருப்பவரை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இந்தப் பெயர் வந்திராது.

வெளிநாடுகளிலும் இந்த மௌனம் நெடுங்காலம் இருந்தது. 1943-இல் அமெரிக்காவில் லியோ கானர் இந்த நிலையை விவரித்து எழுதிய பின் சுமார் ஐம்பது ஆண்டுகள், பெரும்பாலும் ஒருபுறம் மருத்துவர்களும் மறுபுறம் பெற்றோர்களுமே இதைப் பற்றிப் பேசினார்கள். அந்தக் காலத்தில் ஒரு பகுதியில், தாயின் அன்பின்மையே இதற்குக் காரணம் என்ற கொடும்பழியைச் சுமந்தவர்கள் தாய்மார்கள் என்பதையும் மறக்கலாகாது. 1993-இல் கனடாவின் டொரான்டோ நகரில் கூடிய சர்வதேச ஆட்டிசம் மகாநாட்டில், தாமே ஆட்டிசம் உடைய ஜிம் சின்க்ளேர் என்பவர் பெற்றோர்களை நோக்கி, எங்களுக்காகத் துக்கம் கொண்டாடாதீர்கள், நீங்கள் எதிர்பார்த்த பிள்ளை வரவில்லை என்பதே உங்கள் துக்கம், வந்திருக்கும் நாங்கள் உயிரோடு உங்கள் முன் நிற்கிறோம் என்ற கருத்தில் பேசினார். அந்த உபந்நியாசம் அந்த இயக்கத்துக்கே அஸ்திவாரமாயிற்று. 1996-இல் அவரும் தோழர்களும் ஆட்ரீட் என்ற பெயரில், ஆட்டிசம் உடையவர்களே ஆட்டிசம் உடையவர்களுக்காக நடத்தும் கூட்டத்தை அமெரிக்காவில் தொடங்கினார்கள். 2005 முதல் இங்கிலாந்தில் ஆட்ஸ்கேப் என்ற கூட்டம் அவ்வாறே நடந்துவருகிறது.

அந்தக் கூட்டங்களில் உண்டான ஓர் ஏற்பாட்டை மட்டும் சொல்கிறேன். வந்திருப்போர் மார்பில் அணியும் அட்டைக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று நிறம். சிவப்பானால் யாரும் வந்து பேச வேண்டாம். மஞ்சளானால் முன்பே அறிந்தவர் மட்டும் பேசலாம். பச்சையானால், பேச விருப்பம்தான், தொடங்கத்தான் தெரியவில்லை, நீங்களே வந்து தொடங்குங்கள் என்று பொருள். கைதட்டும் ஓசை சிலருக்குத் தாங்காது என்பதால் இரு கைகளையும் காற்றில் அசைத்துப் பாராட்டுவதும் இத்தகைய கூட்டங்களில் வழக்கமாயிற்று. இவற்றுக்குப் பெருஞ்செலவு ஒன்றுமில்லை. எந்த நிபுணருக்கும் ஐம்பது வருஷமாகத் தோன்றாத இந்த எளிய யோசனைகள், மேடை தங்கள் கைக்கு வந்தவுடன் அவர்களுக்குத் தோன்றின.

நம் நாட்டில் சட்டம் குறைவில்லை. ஐக்கிய நாடுகள் சபையின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 2007-இல் ஏற்றது. அதையொட்டி எழுந்த 2016-ஆம் ஆண்டுச் சட்டம் இருபத்தொரு வகைக் குறைபாடுகளில் ஆட்டிசத்தையும் சேர்த்திருப்பதோடு, ‘தகவல் தொடர்பு’ என்ற சொல்லுக்கே விரிந்த பொருள் தருகிறது: வாய்ப்பேச்சு மட்டுமன்று, எழுத்து, சைகை, எளிய நடை, இன்னொருவர் வாசித்துக் காட்டுவது, கருவி வழியாகச் சொல்லுவது எல்லாம் அதில் அடங்கும். படத்தைத் தொட்டால் குரலாக ஒலிக்கும் ஆவாஸ் என்னும் சாதனம் நம் சென்னையிலேயே உருவானது. ஆகவே, மேடையில் நின்று மைக்கைப் பிடித்து இடைவிடாமல் பேசுவதே பேச்சு என்று ஒரு படிவம் நினைக்குமானால், அது சட்டத்துக்கும் பின்னால் நிற்கிறது; நாட்டில் உள்ள சாதனத்துக்கும் பின்னால் நிற்கிறது.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் இரண்டு அபிப்பிராயங்களை நான் அலட்சியம் செய்ய மாட்டேன். முதலாவது, எழுதவும் பேசவும் முடிந்த சிலருக்கு மேடை கொடுத்தால், இரவு பகலாக ஒருவர் துணையின்றி இருக்க முடியாத பெரும்பாடு படும் பிள்ளைகளின் நிலை மறைந்துபோகும் என்று பெற்றோர்கள் அஞ்சுவது. இந்த அச்சம் நியாயமானது. பெற்றோர்கள் இல்லாவிட்டால் இந்த நாட்டில் ஆட்டிசத்துக்கென்று ஒரு பள்ளிக்கூடம்கூட எழுந்திராது. டில்லியில் 1991-இல் ஆக்ஷன் ஃபார் ஆட்டிசம் என்ற அமைப்பைத் தொடங்கிய மெர்ரி பரூவா ஒரு தாய்தான். தமிழில் இதைப் பற்றி நாம் அறிந்திருப்பதில் பெரும்பகுதி, ‘ஆட்டிசம்: சில புரிதல்கள்’ எழுதிய யெஸ். பாலபாரதியைப் போன்ற தந்தையரும் தாய்மாரும் தந்தது. அவர்களுடைய ஆசனத்தை எடுத்துவிட நான் சொல்லவில்லை. பக்கத்தில் இன்னோர் ஆசனம் போடச் சொல்லுகிறேன். மேலும் என் மருமகன் சொன்ன சங்கதியால் மிகுதியும் பயனடையப் போவது, எழுதத் தெரியாமல், கையை மட்டும் கடித்துக்கொள்ளத் தெரிந்த பிள்ளைதான். எண் சொல்லிக் காத்திருக்க வைக்கலாமே என்று அந்தப் பிள்ளையின் தாய்க்கு இதுவரை எந்த மேடையிலிருந்து யார் சொன்னார்கள்?

இரண்டாவது ஐயம் இன்னும் நுட்பமானது. எழுதியது அவர்தானா, பக்கத்தில் இருப்பவர் எழுதினாரா என்பது அது. கர்நாடகத்தில் வளர்ந்த டிட்டோ ராஜர்ஷி முகோபாத்யாய் எழுதிய நூலை 2000-இல் இங்கிலாந்தின் தேசிய ஆட்டிசம் சங்கம் வெளியிட்டபோது உலகம் வியந்தது. ஆனால் அவர் தாயார் சோமா வகுத்த, எழுத்துப் பலகையை ஒருவர் பிடிக்க மற்றவர் தொட்டுக் காட்டும் முறையை, போதிய நிரூபணம் இல்லை என்று அமெரிக்கப் பேச்சு–மொழி–செவித்திறன் சங்கம் 2018-இல் ஏற்க மறுத்தது. பலகை பிடிப்பவரின் எண்ணமே எழுத்தாகிவிடலாம் என்பது அறிஞர்களின் கவலை. இந்தக் கவலையை நானும் மதிக்கிறேன். முப்பது வருஷம் தமிழாசிரியனாக இருந்த பழக்கத்தால் என் மருமகனுடைய விண்ணப்பத்தில் ஒரு வாக்கியத்தை அழகுபடுத்தி எழுதினேன். அவன் அதை அடித்துவிட்டுத் தன் வாக்கியத்தையே திரும்ப எழுதினான். நான் திருத்தியது மேலும் இலக்கணமாக இருந்தது; அவன் எழுதியது மேலும் உண்மையாக இருந்தது. அதற்குப் பிறகு ஒற்றெழுத்தைக்கூட நான் தொடவில்லை. இந்த ஐயத்துக்குப் பரிகாரம், அவர்களை வெளியே நிறுத்துவதன்று; அவரவர் கையால், அவரவர் நடையில், பிழையோடு வரும் விண்ணப்பத்தைப் பிழையோடு ஏற்றுக்கொள்வதுதான். பிழையற்ற இங்கிலீஷில் முந்நூறு சொல் கேட்கும் படிவமே, பிறர் எழுதித் தருவதற்கு வழி திறந்துவிடுகிறது.

எழுத்தும் இல்லாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் விண்ணப்பம் கேட்க முடியாது. அங்கேதான் உருத்திரசன்மன் சபை நமக்கு வழி காட்டுகிறது. அந்தப் பிள்ளையை உயரமான இடத்தில் வைத்து, எந்தச் சொல்லுக்கு அவன் உடம்பு என்ன சொல்லுகிறது என்று புலவர்கள் பார்த்தார்கள். ஒரு பயிற்சி முறையைப் பற்றி மகாநாட்டில் உரை நிகழ்த்துகிறவர், அந்தப் பயிற்சியின்போது பிள்ளை அழுதானா, அறைக்குள் போக மறுத்தானா, போகும் நாளில் காலையில் உண்டானா என்பதைத் தன் முடிவுகளோடு சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று விதித்தால், பேசாத பிள்ளையும் அந்தச் சபையில் பேசியவனாவான்.

2025 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம், மாநகராட்சி முதல் கிராம ஊராட்சி வரை மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக்க வழிசெய்யும் மசோதாக்களை நிறைவேற்றியிருக்கிறது. நூறு வார்டு கொண்ட எங்கள் மதுரை மாநகராட்சி மன்றத்திலும் அவர்களுக்கு இடம் உண்டு. சக்கர நாற்காலிக்குச் சரிவுப்பாதை வேண்டும் என்பதை நாம் கற்றுக்கொண்டோம். இரண்டு நிமிஷம் கழித்து விடை சொல்லும் உறுப்பினருக்கு அந்த இரண்டு நிமிஷத்தை விட்டுவைக்க வேண்டும் என்பதை இனிமேல்தான் கற்க வேண்டும். ஆட்டிசம் மகாநாடுகளே அதைக் கற்றுக்கொள்ளாவிட்டால் மாநகராட்சி மன்றம் யாரிடம் போய்க் கற்கும்?

அடுத்த ஏப்ரல் 2-ஆம் தேதி, உலக ஆட்டிசம் விழிப்புணர்வு நாளை ஒட்டி, தமிழ்நாட்டின் பல ஊர்களில் மகாநாடுகளும் கருத்தரங்குகளும் கூடும். அவற்றுக்கான ஆயத்தங்கள் பல மாதம் முன்பே தொடங்கிவிடும். அவற்றை நடத்தும் பெரியோர்களிடம் நான் கேட்பது இதுதான். ஒரே பக்கத்தில், தமிழில், எளிய வாக்கியங்களில் ஒரு விண்ணப்பம் அச்சிடுங்கள். ‘எனக்கு ஆட்டிசம் உண்டு’ என்று ஒரு கட்டத்தை முதலில் வையுங்கள். பட்டமும் ஸ்தாபனமும் கேட்காதீர்கள். எழுதியோ, வரைந்தோ, கைபேசியில் பேசிப் பதிந்தோ அனுப்பலாம் என்று சொல்லுங்கள். மேடைக்கு வரலாம், வீட்டிலிருந்தே பேசலாம், தான் எழுதியதைத் தன் முன்னிலையில் மற்றொருவரை வாசிக்கச் செய்யலாம், சபைக்கு முதுகு காட்டி உட்காரலாம் என்று இடம் கொடுங்கள். கேள்விகளை ஒரு வாரம் முன்பே எழுத்தில் அனுப்புங்கள். துணைக்கு வருகிறவருக்கும் பிரயாணச் செலவு தாருங்கள். பொன்னாடைகளும் வரவேற்புரைகளும் எவ்வளவு நீண்டாலும் அவருடைய நேரத்தை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். பதிலை எந்தத் தேதியில் அனுப்புவீர்கள் என்பதைப் படிவத்திலேயே அச்சிட்டு, அந்தத் தேதியில் அனுப்புங்கள். முடியாது என்று சொல்வதானாலும் அந்தத் தேதியிலேயே சொல்லுங்கள்.

ஆனையூரிலிருந்து ஒரு விண்ணப்பம் உங்களுக்கு மறுபடியும் வரும். தலைப்பு பழைய தலைப்புத்தான்: ‘கொஞ்ச நேரம் என்றால் எத்தனை நிமிஷம்?’ பதினொன்று நாற்பதுக்குப் பேசலாம் என்று நீங்கள் எழுதினால், அவன் பதினொன்று நாற்பதுக்கு அங்கே இருப்பான்.